நான் எடுக்க மறந்த ஒரு வரி

கம்பெனியின் பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பிரவீன் போன் செய்தார். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்தவர் அவர். மரியாதை தெரிந்தவர். "ஸ்வீட் மெமரீஸா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், போதும்" என்றார். சரி என்றேன். போனை வைக்கப் போகிறவர் போல இழுத்துவிட்டு, "அந்த ஏழு பர்னர் மேட்டர் மட்டும் வேணாமே. இப்ப எதுக்கு அது" என்றார்.

அதை எழுதக் கூடாதென்றால் எழுத என்னிடம் வேறு சரக்கு இல்லை. ஆகவே அதைத்தான் எழுதுகிறேன். இனிப்பு வேண்டுபவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், விழாக் குழுவின் படங்கள் பின்னால் இருக்கும்.

அதே போனில் பிரவீன் இன்னொன்றும் பெருமையாகச் சொன்னார். இனிமேல் நெருப்பைக் கணக்கிட கம்ப்யூட்டரை வாரக்கணக்கில் ஓடவிட வேண்டியதில்லையாம். கம்பெனி இதுவரை போட்ட கணக்குகளையெல்லாம் ஒரு புது புரோகிராமுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அது படித்துக் கற்றுக்கொண்டு, புது பர்னரின் வரைபடத்தைக் காட்டினால் சில நிமிடங்களில் நெருப்பு இப்படி எரியும் என்று சொல்லிவிடுகிறதாம்.

"எல்லாத்தையுமா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாமே மேடம். உங்க காலத்து ஃபைல்ஸ் கூட."

அந்தக் கோப்புகளில் ஏழு தப்பானவை. ஏழும் நான் போட்டவை. தப்பென்று தெரியாமல் அவற்றைப் படித்த புரோகிராம், அடுத்து வடிவமைக்கும் பர்னரின் முன்னால் ஒரு ஆளை நிறுத்தப் போகிறது. அதனால்தான் இந்த அவசரம்.

என் வேலை என்னவென்று நான் பெற்ற பிள்ளைக்கே இன்னும் புரியவில்லை, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனி பாய்லர்களுக்கும் உலைகளுக்கும் பர்னர் செய்கிறது. பர்னரை இரும்பில் செய்வதற்கு முன், அதன் நெருப்பு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் பொறுப்பு. வீட்டு கேஸ் அடுப்பின் நெருப்பு சின்னதாக, நீலமாக அடங்கி நிற்கும். பாய்லர் நெருப்பு அப்படி இல்லை. சுழன்று, கிழிந்து, தாவி, பின்வாங்கி ஓயாமல் அலையும். அதற்குள் ஓர் இடத்தைக் காட்டி இங்கே என்ன வெப்பம் என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. இந்தக் கணம் ஆயிரத்து எண்ணூறு டிகிரி, அடுத்த கணம் அறுநூறு. சராசரி ஆயிரத்து இருநூறு என்று எழுதி வைக்கலாம். ஆனால் அந்த இடத்தில் ஆயிரத்து இருநூறு என்பது அநேகமாக இருந்தே இருக்காது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ் அரை மணிக்கு ஒன்று என்பார்கள். இரண்டு வண்டி ஒன்றின் பின் ஒன்றாகப் போய்விடும், அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் வராது. சராசரி என்னவோ அரை மணிதான். பையோடு நிற்பவளுக்குத்தான் உண்மை தெரியும்.

அதனால் நாங்கள் சராசரியை மட்டும் நம்புவதில்லை. பர்னருக்குள் இருக்கும் இடத்தை லட்சக்கணக்கான சின்னப் பெட்டிகளாக வெட்டிக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு எண். ஒன்று, கேஸும் காற்றும் கலந்திருக்கும் விகிதத்தின் சராசரி. இன்னொன்று, அந்த விகிதம் சராசரியை விட்டு எவ்வளவு தூரம் அலைகிறது என்பது. இதற்குச் சிதறல் என்று பெயர் வைத்திருந்தோம். இரண்டையும் வைத்து, அந்தப் பெட்டியில் எத்தனை பங்கு நேரம் கலவை எரியும் நிலையில் இருக்கும், எத்தனை பங்கு நேரம் இருக்காது என்ற சாத்தியத்தை எடுப்போம். சிதறல் பெரிதானால் நெருப்பு பிடியை விட்டு அணையலாம். இதை இருபத்தாறு வருடம் செய்தேன்.

படித்த கதை பெரிய கதை இல்லை. தளிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கோஸ் அறுத்தார்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். சேலத்தில் பொறியியல், பெங்களூரில் மேற்படிப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊரில், "நாகரத்தினம் கம்ப்யூட்டர்ல நெருப்பு மூட்றாளாம், காஞ்ச சுள்ளி வேணுமான்னு கேளுங்க" என்று கிண்டல் செய்தார்கள். சிரித்துவிட்டுப் போனேன். அவர்கள் பிள்ளைகளில் நாலு பேர் பிற்பாடு என்னிடம்தான் வேலைக்குச் சிபாரிசு கேட்டு வந்தார்கள்.

என் மேலதிகாரி வேதநாயகம் சார் திருநெல்வேலிக்காரர். அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். முடிவு பிடித்தால்தான் முன்பக்கம் வருவார். "ஏறத்தாழ", "இருக்கலாம்" போன்ற வார்த்தைகளைக் கண்டால் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு" என்பார். பாராட்டி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. பிடித்திருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடுவார், அவ்வளவுதான்.

அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புது பர்னரைச் சோதனைக் கூடத்தில் முதல் முதலாகப் பற்றவைக்கும்போது, அதற்குக் கணக்குப் போட்டவர்தான் கண்ணாடித் துளையின் முன்னால் நிற்க வேண்டும். உலைச் சுவரில் உள்ளே பார்ப்பதற்கென்று இருக்கும் சின்னத் துளை அது. "ஒன் கணக்கு பொய்யின்னா ஒன் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்" என்பார். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்கள் இதைக் கேட்டு வெளிறிப் போவார்கள். நானும் வெளிறினேன். ஆனால் அந்தத் துளையின் முன் நின்றவர்கள் யாரும் அதன்பின் கணக்கில் அசட்டையாக இருந்ததில்லை. நான் ஒருத்தி இருந்தேன், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கணக்கு ஓடத் தொடங்கும்போது முதல் கொஞ்ச நேரம் எண்கள் தறிகெட்டு ஓடும். சிதறல் எங்கேயோ போய், மொத்தக் கணக்கும் சரிந்து நின்றுவிடும். இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. சிதறல் இந்த அளவுக்கு மேல் போனால், இந்த அளவோடு நிறுத்திக்கொள் என்று ஒரு வரி எழுதிவிடுவோம். கணக்கு நிதானத்துக்கு வந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். சைக்கிள் கற்றுக்கொள்ளும் பிள்ளையின் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடி, பிறகு விட்டுவிடுகிற மாதிரி. தொழிலில் உள்ள எல்லோரும் செய்வதுதான்.

ஒரு பர்னருக்கு நான் கையை எடுக்கவில்லை. சாக்குச் சொல்ல மாட்டேன். உடம்பு சரியில்லை, வேலைப் பளு என்றெல்லாம் ஒன்றும் இல்லை. கணக்கு மூன்று வாரமாகச் சரிந்து சரிந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வரியைப் போட்டதும் நின்றது. படம் அழகாக வந்தது. சார் பேனாவை மூடினார். எனக்குத் தலைகால் புரியவில்லை, வரி நினைவிலேயே இல்லை.

எங்கள் தொழிலில் யாரும் வெறும் காகிதத்திலிருந்து தொடங்குவதில்லை. நன்றாக ஓடிய பழைய வேலையின் கோப்பை அப்படியே நகல் எடுத்து, பர்னரின் வடிவத்தை மட்டும் மாற்றுவோம். நன்றாக ஓடிய கோப்பு என்று நான் நகல் எடுத்ததெல்லாம் இதைத்தான். வரியும் கூடவே போனது. ஏழு பர்னர். சோதனைக் கூடத்தில் ஏழையும் முழு வேகத்திலும் பாதி வேகத்திலும் ஓட்டினோம், துளையின் முன்னால் நான்தான் நின்றேன், ஒரு குறையும் இல்லை. லோ ஃபயர் என்று ஒன்று உண்டு, பாய்லருக்கு வேலை குறைந்த நேரத்தில் நெருப்பைச் சிறிதாக்கி ஓட்டுவது. சிதறல் ஆட்டம் போடுவது அங்கேதான். அதைச் சோதிக்க நேரமில்லை, கணக்கு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்கு அதில் ஒன்று போயிருந்தது. சீசனில் பழ லாரி வரிசையாக நிற்கும்போது பாய்லர் முழு வேகத்தில் ஓடும். லாரி இல்லாத நேரத்தில் லோ ஃபயர். அங்கிருந்து, நெருப்பு அடிக்கடி நின்றுபோகிறது, சென்சார் கோளாறு என்று புகார் வந்தது. நெருப்பு அணைந்தால் அதைக் கண்டுபிடித்து கேஸை மூடுகிற சென்சார் அது. சர்வீஸ் ஆள் இரண்டு தடவை போய் சென்சாரை மாற்றிவிட்டு வந்தார். மூன்றாம் தடவை புகார் வரவில்லை. முதல் தடவை மாற்றியும் தீராத கோளாறு இரண்டாம் தடவை மட்டும் எப்படித் தீரும்? அதுதான் எனக்கு இடித்தது. பஸ் ஏறிப் போனேன்.

பாய்லர் ஆபரேட்டர் சின்னசாமி நல்ல சுறுசுறுப்பு. ஐம்பது வயதிருக்கும். எனக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார்.

"இப்ப தொந்தரவே இல்லீங்க மேடம். சும்மா சும்மா கட் பண்ணிக்கினே இருந்துச்சு. சூப்பர்வைசரு என்னைத்தான் திட்றாரு. அதான் ஒரு வேலை பண்ணி வெச்சிருக்கேன்" என்று பேனல் கதவைத் திறந்து காட்டினார். சென்சாரிலிருந்து வரும் இரண்டு முனைகளையும் ஒரு செம்பு வயரால் சேர்த்துச் சுற்றியிருந்தார். நெருப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கிறது என்றே பேனல் நம்பும்.

நான் பழத்தைக் கீழே வைத்துவிட்டு லோ ஃபயருக்கு மாற்றச் சொன்னேன். கண்ணாடித் துளையில் பார்த்தேன். நெருப்பு பர்னரின் வாயிலிருந்து கழன்று முன்னால் போய், தொங்கி, துடித்து, திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. மறுபடி கழன்றது. என் கணக்கில் அது அடித்துவைத்த ஆணி மாதிரி நின்ற நெருப்பு. ஒரு தடவை அது திரும்பி வராமல் போனால், சென்சார் கண்ணைக் கட்டிவிட்டதால் கேஸ் வந்துகொண்டே இருக்கும். பாய்லர் வயிறு முழுக்க கேஸ் நிறைந்தபிறகு, சூடாக இருக்கும் ஏதோ ஒரு செங்கல்லில் பட்டுப் பற்றினால், முன்கதவு பெயர்ந்து சின்னசாமி நிற்கிற இடத்துக்குத்தான் வரும்.

"அணைச்சிடுங்க. வயரை எடுங்க" என்றேன்.

"சென்சாரு பொய் சொல்லுதுங்க மேடம்."

"சென்சார் உண்மையைத்தான் சொல்லிச்சு. பொய் சொன்னது என் கணக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் வேலை பார்த்த வருடங்களில் கம்பெனிக்காரர் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்.

ஓசூர் திரும்பி நாலு நாள் தேடினேன். வடிவத்தைப் பார்த்தேன், அட்டவணையைப் பார்த்தேன், காற்றின் வேகத்தைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் காலை அந்த வரி கண்ணில் பட்டது. பக்கத்திலேயே "தற்காலிகம், எடுக்க வேண்டும்" என்ற குறிப்பு, கீழே என் இனிஷியல். வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். கம்ப்யூட்டரிலும் நெருப்பு கழன்று போனது. நான் மேஜையில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, என் பெயரில் இருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணி, சாரின் அறைக்குப் போனேன்.

கேட்டு முடித்தவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எத்தனை?"

"ஏழு சார்."

"புதுசா பர்னர் தலை செஞ்சு ஏழு எடத்துலயும் மாட்டிருவோம். மெயின்டனன்ஸுன்னு சொல்லிக்கிடலாம். காரணம் எதுக்கு அவங்களுக்கு?"

"தலை செய்ய மூணு மாசம் ஆகும் சார். அதுவரைக்கும்?"

"அதான் சென்சார் இருக்குல்லா. அணைஞ்சா மூடிரும்."

"சின்னசாமி சுத்தின மாதிரி மத்த ஆறு இடத்துல வயர் சுத்தலேன்னு நமக்கு எப்படித் தெரியும்? சென்சார் சொல்றது நிஜம்னு தெரிஞ்சாதான் அவங்க கைவைக்க மாட்டாங்க. கணக்கு தப்புன்னு எழுதிச் சொல்லணும்."

"கம்பெனி லெட்டர்ல 'எங்க கணக்கு தப்பு'ன்னு எழுத எவன் ஒத்துக்கிடுவான்?"

"என் பேர்ல எழுதுறேன்."

"ஒன் பேரு போயிரும்மா. பொறவு ஒன் ரிப்போர்ட்டை எவனும் தொட மாட்டான்."

"போகட்டும் சார். என் பேரைக் காப்பாத்த அந்த ஏழு ஆபரேட்டரை பாய்லர் முன்னால நிக்க வைக்க முடியாது."

நான் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெளியே வந்து ஸ்டோர்ஸ் போனிலிருந்து மற்ற ஆறு பாய்லர் அறைகளுக்கும் பேசினேன். மேனேஜர்களிடம் இல்லை, ஆபரேட்டர்களிடம். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. தமிழில் மூன்று, கன்னடத்தில் இரண்டு, தெலுங்கில் ஒன்று. பேனலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு இடத்தில் வயர் சுற்றியிருந்தது.

கடிதத்தை அன்றைக்கே எழுதி சாரின் மேஜையில் வைத்தேன். மறுநாள் திரும்பி வந்தது. "எங்கள் கணக்கில் தவறு இருக்கலாம்" என்று கோழைத்தனமாக ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். "இருக்கலாம்" என்பதைச் சிவப்பில் அடித்து "இருக்கிறது" என்று மாற்றியிருந்தார். கீழே என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமை என்னைக் கணக்குப் பிரிவிலிருந்து எடுத்து சோதனைக் கூடத்துக்கு மாற்றினார். அதற்கும் காரணம் சொல்லவில்லை, இதற்கும் சொல்லவில்லை.

மூன்று வருடம் அங்கே எண்ணெயிலும் இரைச்சலிலும் நின்றேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். கேன்டீனில் நான் உட்கார்ந்தால், "எங்க கணக்கைப் பத்தி யாருக்கும் லெட்டர் போட்டுடாதீங்க மேடம்" என்று சிரிப்பார்கள். இன்றைக்கும் விழா மேடைகளில், அவசரப்பட்டவள், வாயை அடக்கத் தெரியாதவள் என்றுதான் என்னைப் பற்றிப் பேச்சு. சொல்லிக்கொள்ளட்டும். தப்புச் செய்ததற்கு வெட்கப்படுகிறேன். கடிதம் போட்டதற்கு ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை, மன்னிப்பும் கேட்க மாட்டேன். ஏழு தலைகளையும் மாற்றினோம். ஏழு பேரும் முழு உடம்போடு வீட்டுக்குப் போனார்கள். சின்னசாமி தன் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைத்தார், போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தேன்.

கணக்குப் பிரிவுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த ஏழு கோப்புகளிலும், "இது தவறு, பயன்படுத்தாதே" என்று ஒரு குறிப்பு எழுதிப் போட்டேன். மனிதர்கள் படிப்பார்கள் என்று நினைத்தேன். பிரவீனின் புரோகிராம் எண்களை மட்டும்தான் படிக்கிறது.

கட்டுரையை எழுத உட்காரும் முன் பிரவீனிடம் ஒன்று கேட்டேன். அந்த மாம்பழக் கூழ் தொழிற்சாலையின் பழைய பர்னரைப் புரோகிராமுக்குக் காட்டி, லோ ஃபயரில் என்ன ஆகும் என்று கேளுங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"ஸ்டேபிள்னு சொல்லுது மேடம்."

"நான் அந்தத் துளையில பார்த்தேன் பிரவீன். அது நிக்கல."

"மேடம், மத்த பர்னர் எல்லாத்துலயும் டெஸ்ட்டோட மேட்ச் ஆகுது. நூத்துக்கணக்கான ஃபைல்ல ஏழு தப்பு இருந்தா என்ன, ஆவரேஜ்ல கரைஞ்சிடும்."

என்னிடமே சராசரி. நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும். "முழு வேகத்துல வேணா கரையும். லோ ஃபயருக்கு உங்ககிட்ட மொத்தமே எத்தனை கணக்கு இருக்கு, எண்ணிப் பாருங்க" என்றேன். அவர் புதிதாக வடிவமைத்த பர்னர் ஒன்று அடுத்த மாதம் போக வேண்டுமாம். மறுபடி கற்பிக்க ஆறு வாரம் ஆகுமாம். போகக் கூடாது என்றேன். "அப்படின்னா கஸ்டமருக்கு என்னன்னு எழுதுறது மேடம்?" என்றார். நடந்ததை எழுதுங்கள், உங்களுக்குக் கை வரவில்லையென்றால் நான் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்தக் கட்டுரையின் ஒரு நகலை அந்த வாடிக்கையாளருக்கு அனுப்புவது என்று முடிவும் செய்துவிட்டேன்.

இதுவரை எழுதி முடித்திருந்தேன். இன்று காலை பிரவீன் கூப்பிட்டார். குரலில் பழைய துள்ளல் இல்லை. புரோகிராமை நிறுத்திவிட்டார்களாம். என் பேச்சைக் கேட்டுக் கோபத்தில்தானோ என்னவோ, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து அந்த வரியைத் தேடியிருக்கிறார்.

"எடுத்துட்டோம் மேடம். ஆனா ஏழு இல்ல. ஒன்பது இருந்துச்சு."

எப்படி என்று கேட்டேன். நான் பிரசவ விடுப்பில் போயிருந்த மாதங்களில், எனக்குப் பதிலாக வந்த ஒருவர் என் கோப்பை நகல் எடுத்து இரண்டு வேலை முடித்திருக்கிறார். அவர் பெயரில் இருந்ததால் நான் திறந்தே பார்க்கவில்லை. என் தப்பை நானே பார்த்துக்கொள்வேன் என்ற திமிர், என் பெயர் இல்லாத இடத்தில் என் தப்பு இருக்காது என்று நினைத்துக்கொண்டது. அந்த இரண்டு பர்னர்களுக்கும் கடிதம் போகவில்லை. தலை மாற்றவில்லை. இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

மேலே ஏழு என்று எழுதிய இடங்களைத் திருத்தவில்லை. எவ்வளவு நிச்சயமாக இருந்தேன் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

"இதை எப்படி மேடம் ஹேண்டில் பண்றது? முதல்ல லீகல்ல கேக்கணும்" என்றார் பிரவீன்.

"நீங்க கேளுங்க. அந்த ரெண்டு பாய்லர் ரூம் நம்பரையும் எனக்குக் குடுங்க" என்றேன்.

கொடுத்தார். முதல் எண்ணுக்குப் பேசிவிட்டேன். வயர் சுற்றியிருக்கிறது. எடுக்கச் சொல்லி, பாய்லரை நிறுத்தச் சொல்லி, நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறேன்.